வாசற் சோடனை

நத்தார் நெருங்கும்போது நம் கத்தோலிக்க வீடுகளில் முதலில் மாற்றம் காண்பது வாசற்கதவுதான். பாலன் குடில் வீட்டுக்குள்ளே இருக்கிறது. பலகாரம் அடுக்களையில் இருக்கிறது. புத்தாடை அலுமாரியில் இருக்கிறது. வாசலில் தொங்குவது மட்டுமே தெருவால் போகிறவர் கண்ணிற் படுகிறது. அவர் நம் பங்கைச் சேர்ந்தவராக இருக்கலாம். சைவராகவோ முஸ்லிமாகவோ இருக்கலாம். கைமாற்றுக் கேட்டு வருகிறவராகவும் இருக்கலாம். அவர்கள் எல்லாருக்கும் அந்த வாசல் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. அது என்ன சொல்கிறது, வீட்டுக்காரர் அதை அறிந்துதான் சொல்கிறார்களா என்பதை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இந்தச் சின்ன விடயத்துக்கு ஒரு பாடம் வேண்டுமா என்று நீங்கள் நினைக்கக் கூடும். ஆதித் திருச்சபைக்கு இது சின்ன விடயமாகத் தோன்றவில்லை. வாசலில் இலை கட்டலாமா, கூடாதா என்பது அன்று மனச்சாட்சியை உறுத்திய ஒரு கேள்வி.

கி.பி. 200ஆம் ஆண்டளவில் வட ஆபிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்னும் கிறிஸ்தவ எழுத்தாளர் வாழ்ந்தார். சிலைவழிபாட்டைப் பற்றி அவர் எழுதிய நூலில் வாசற்கதவைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. உரோமைப் பேரரசில் அரச விழா நாட்களில் வீட்டு வாசல்களில் லோரல் என்னும் நறுமண இலைக் கொத்துகளைக் கட்டி, விளக்கேற்றி வைப்பார்கள். அயலாரைப் பார்த்துக் கிறிஸ்தவர்களும் அப்படியே செய்தார்கள். தெர்த்துல்லியனுக்கு இது பொறுக்கவில்லை. விளக்கும் இலையும் இல்லாத வாசலைத் தேடிப் போனால், கிறிஸ்தவர் வீடுகளை விடப் பிற மதத்தவர் வீடுகளிலேயே அதைக் கூடுதலாகக் காணலாம் என்று குத்திக் காட்டினார்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. உரோமரின் நம்பிக்கையில் கதவின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தெய்வம் உண்டு. கீலுக்குக் கார்தியா, கதவுப் பலகைக்குப் போர்க்குலுஸ், வாசற்படிக்கு லிமெந்தினுஸ், வாயிலுக்கு யானுஸ். மேலைநாட்டார் ஆண்டின் முதல் மாதத்தை அழைக்கும் பெயர் இந்த யானுசின் பெயரிலிருந்து வந்ததே. ஆகவே கதவில் இலை கட்டுகிறவன், அறிந்தோ அறியாமலோ, இந்தத் தெய்வங்களுக்கு மாலை சூட்டுகிறான் என்பது அவர் வாதம். தமக்குத் தெரிந்த ஒரு சகோதரரின் கதையையும் சொல்கிறார். ஊரில் திடீரெனக் கொண்டாட்டம் அறிவிக்கப்பட்டபோது அவருடைய வேலைக்காரர் அவர் வாசலைச் சோடித்துவிட்டார்கள். அவர் கட்டவும் இல்லை, கட்டச் சொல்லவும் இல்லை. வெளியே போயிருந்தவர் திரும்பி வந்து அதைக் கண்டித்தும் இருக்கிறார். ஆயினும் அன்றிரவே ஒரு காட்சியில் கடுமையாகத் தண்டிக்கப்பட்டாராம். கிறிஸ்தவனே உலகின் ஒளியும் என்றும் பசுமையான மரமுமாய் இருக்கையில் அவன் வாசலுக்கு வேறு விளக்கும் இலையும் எதற்கு என்பதே தெர்த்துல்லியன் கேட்ட கேள்வி. மிகக் கடுமையான மனிதர். கடைசியில் திருச்சபையே போதிய கண்டிப்பில்லாதது என்று கருதி ஒரு பிரிவினைக் குழுவோடு சேர்ந்துகொண்டார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. 6ஆம் நூற்றாண்டில் பிராகா நகரின் ஆயரான மார்ட்டின் தொகுத்த திருச்சபைச் சட்டங்களில், ஆண்டுப் பிறப்பை ஒட்டி வீடுகளை லோரல் இலையாலும் மரப் பசுமையாலும் சுற்றிக் கட்டுவதற்குத் தடை இருக்கிறது. அந்தப் பிராகா இன்று போர்த்துக்கல் நாட்டில் உள்ளது. நாம் வழங்கும் ‘நத்தார்’ என்ற சொல்லை நமக்குத் தந்ததும் போர்த்துக்கேய மொழிதான்!

இதற்குள் உரோமையில் வேறொரு குரல் எழுந்தது. 601ஆம் ஆண்டு பாப்பரசர் பெரிய கிரகோரியார் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட மெல்லித்துஸ் என்னும் துறவிக்கு ஒரு கடிதம் எழுதினார். அம்மக்களின் கோவில்களை இடிக்க வேண்டாம். சிலைகளை அகற்றி, தீர்த்தம் தெளித்து, அவற்றையே ஆலயங்களாக்குங்கள். திருநாட்களில் அவர்கள் தம் வழக்கப்படி மரக் கிளைகளால் ஆலயத்தைச் சுற்றிப் பந்தலிட்டு விருந்துண்டு மகிழட்டும் என்பது அதன் சாரம். ஒரே மரக்கிளை தெர்த்துல்லியனுக்குப் பேய் வழிபாடாகத் தெரிந்தது. கிரகோரியாருக்கு இறைவனிடம் ஏறிச் செல்லும் படியாகத் தெரிந்தது.

திருச்சபை காலப்போக்கில் கிரகோரியாரின் வழியிலேயே நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தின் 37ஆம் பிரிவு, மூடநம்பிக்கையோடும் தவறோடும் பிரிக்கவியலாதபடி பிணைந்திராத மக்கள் வழக்கங்களைத் திருச்சபை பரிவோடு நோக்கி, இயன்றவரை காத்துக்கொள்ளும் என்று போதிக்கிறது. நானும் கிரகோரியாரின் பக்கமே. எனினும் தெர்த்துல்லியன் கேட்ட கேள்வியைக் குப்பையிற் போட எனக்கு மனமில்லை. அயல்வீட்டுக் கதவைப் பார்த்து நம் கதவைச் சோடிக்கும் பழக்கம் கார்த்தேஜ் நகரோடு முடிந்துவிடவில்லையே.

சோடிக்க முடியாத வாசல்கள்

நம் மண்ணின் வரலாற்றில் வாசலைச் சோடிக்கவே முடியாத நத்தார்கள் இருந்தன. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் நாட்டில் இருக்க முடியாமற் போயிற்று. 1687இல் கோவையிலிருந்து, அதாவது இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள கோவா நாட்டிலிருந்து, ஒரு குருவானவர் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்தார். அவரே 2015 தை 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்த யோசேப் வாஸ் அடிகள். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் யார் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். எந்த வாசலில் நின்றவர் செபமாலையைப் பார்த்துக் கண் கலங்கினாரோ, தயங்கினாரோ, அந்த வாசலைக் குறித்துக்கொண்டார்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு, யாழ்ப்பாணத்தில் பூசைக்காக மக்கள் இரகசியமாகக் கூடியிருந்த வீடுகளுக்குள் ஒல்லாந்தச் சிப்பாய்கள் புகுந்தார்கள். வாஸ் அடிகள் தப்பினார். மக்கள் பலர் பிடிபட்டார்கள். அந்த வீடுகளின் முன்கதவை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். உள்ளே பீடம், மெழுகுதிரி, பிள்ளைகுட்டிகள். வெளியே ஓர் இலைகூடக் கட்ட முடியாது. மற்ற வீடுகளைப் போலவே இருள் சூழ்ந்து நிற்க வேண்டும். இன்று நாம் வாசலில் நட்சத்திரம் தொங்கவிடும்போது, அதைச் செய்யும் உரிமை இல்லாதிருந்த நம் முன்னோரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த வேளையே அதற்கு ஏற்ற வேளை.

இலை பேசும் மொழி

யூதர்களுக்கு வாசல் நிலை வேதம் எழுதும் பலகை. எகிப்தில் செம்மறியின் இரத்தம் பூசப்பட்டது கதவு நிலையில்தான். கடவுளின் கட்டளைகளை வீட்டு நிலைகளில் எழுதி வைக்கும்படி உபாகம நூல் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. இன்றும் யூதர் அதைத் தோற்சுருளில் எழுதி, சிறு கூட்டில் இட்டு, நிலையின் வலப்புறத்தில் பதிக்கிறார்கள்.

நம்மவர் எழுதவில்லை; இலையாற் பேசினார்கள். நம் ஊரில் வாசலில் என்ன இலை இருக்கிறது என்று பார்த்தே வீட்டு நிலைமையை அறியலாம். மாவிலையும் நிறைகுடமும் கண்டால் மங்கல காரியம். படலையில் குலைவாழை நின்றால் கல்யாணம். வேப்பிலை செருகியிருந்தால் அம்மாள் வருத்தம்; உள்ளே போக வேண்டாம். ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டினால் செத்தவீடு. தென்னங்குருத்துத் தோரணத்தைக்கூட நன்மைக்கு ஒரு விதமாகவும் துக்கத்துக்கு வேறொரு விதமாகவும் பின்னத் தெரிந்தவர்கள் நம் முதியவர்கள். படிக்காதவருக்கும் விளங்கும் மொழி இது.

இந்த மொழி வழங்கும் ஊரில் அண்மைக் காலமாக ஒரு புதுச் சொல் நுழைந்திருக்கிறது. கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் வளையம். அதில் பஞ்சினால் ஒட்டிய பனி, சிவப்பு நாடா, நத்தார் தாத்தாவின் தலை. மேலைநாட்டில் இதற்குப் பொருள் உண்டு. பனிக்காலத்தில் மரங்கள் எல்லாம் இலையுதிர்ந்து நிற்க, பசுமை மாறாத கிளையை வளைத்துக் கதவில் மாட்டுவது அழியா வாழ்வின் அடையாளம். வளையத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. திருவருகைக் கால வளையம் வேறு. அது மேசையில் வைப்பது. 1839இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், ஏழைச் சிறுவர்களுக்காக இல்லம் நடத்திய விக்கேர்ன் என்னும் லூத்தரன் போதகர், பிறந்தநாள் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சில்லில் மெழுகுதிரிகளைப் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளைத் திரிகள், மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள். அதுவே பின்னர் கத்தோலிக்க ஆலயங்களுக்கும் வந்தது.

ஆனால் நம்மூரில் வளையம் என்றால் மலர்வளையம். அதை வைக்கும் இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். கதவு நடுவே வளையம் தொங்குவதைப் பார்த்து, ஒழுங்கையால் போகும் ஆச்சி ஒருத்தி “ஆர் பிள்ளை மோசம் போனது?” என்று கேட்டாலும் வியப்பில்லை. பனி கண்டிராத தீவகத்து வெயிலில் பஞ்சுப் பனி ஒட்டிய வளையம் என்ன சொல்லும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அது பாவமில்லை. வெளிநாட்டிலிருக்கும் மகள் ஆசையாய் அனுப்பியது என்றால் உள்வீட்டில் மாட்டுங்கள். வாசலுக்கு மட்டும் வாசல் அறிந்த மொழி இருக்கட்டும் என்கிறேன்.

மாவிலையும் நிறைகுடமும் சைவருக்குரியவை என்று தயங்குகிற பெரியவர்கள் நம் பங்குகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அது தெர்த்துல்லியனின் தயக்கமே. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். குருத்து ஞாயிறன்று மந்திரித்த குருத்தோலையைச் சிலுவையாகப் பின்னி உங்கள் வாசல் நிலைக்கு மேலே செருகியிருக்கிறீர்கள் அல்லவா? அந்தத் தென்னோலை எந்த மதத்து மரத்தில் வெட்டியது? நத்தாருக்குத் தோரணம் கட்டும்போதும் அந்தச் சிலுவையைக் கழற்ற வேண்டாம். விபூதிப் புதனுக்குச் சாம்பலாக்க ஆலயத்தில் கேட்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். பிறந்த பாலனின் தோரணத்துக்கு மேலே பாடுகளின் ஓலை நிற்பது பொருத்தமே.

செய்முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாவிலையைத் தோரணக் கயிற்றில் கோர்க்கும்போது முற்றிய இலையாக எடுத்தால் நாலைந்து நாள் நிற்கும். கொழுந்து மறுநாளே சுருண்டுவிடும். குருத்தோலையை முதல்நாள் மாலை பின்னி, ஈரத் துணியாற் சுற்றி வைத்தால் காலையில் பச்சை மாறாது. கரையோரத்தில் இருப்பவர்களுக்குச் சவுக்கங் கிளை எளிதாகக் கிடைக்கும். நட்சத்திரக் கூட்டைப் பிள்ளைகள் கட்டட்டும்: மூங்கிற் சிலாகை அல்லது கமுகஞ் சிலாகை, நூல், திசுத்தாள், கோதுமை மாப் பசை. ஒரு பக்கம் கோணினாலும் பாதகமில்லை. கடையில் வாங்கும் கூடு கோணாது. ஆனால் அதைக் கட்டிய கதையைச் சொல்லப் பிள்ளைக்கு வழியில்லை. தாளுக்குள் மின்குமிழ் வைக்கிறவர்கள் அது தாளில் முட்டாமலும், வயரின் மூட்டு மழையில் நனையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழி மழை நம்பத்தக்கதல்ல.

எப்போது கட்டுவது?

இங்கே சற்றுக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. கார்த்திகை முடியுமுன்பே சில வீடுகளில் நட்சத்திரம் எரியத் தொடங்கிவிடுகிறது. நத்தாரன்று எல்லாருக்கும் அலுத்துப்போய், மார்கழி 26ஆம் திகதி கழற்றி எறிந்துவிடுகிறார்கள். திருச்சபையின் கணக்கு நேர்மாறானது. திருவருகைக் காலம் காத்திருக்கும் காலம்; அக்காலத்தில் பீடத்துப் பூச்சோடனைகூட அடக்கமாக இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. கிறிஸ்து பிறப்புக் காலமோ நத்தார் திருவிழிப்போடு தொடங்கி ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை நீடிக்கிறது.

ஆகவே நான் சொல்லும் வழி இது. திருவருகைக் கால முதல் ஞாயிறன்று வாசலைக் கழுவி, வெறும் பச்சை இலை மட்டும் கட்டுங்கள். விளக்கு வேண்டாம். மார்கழி 17முதல் மாலைச் செபத்தில் மெசியாவைப் பற்பல பெயர்களால் அழைக்கும் முன்மொழிகள் வருகின்றன. 20ஆம் திகதிக்குரியது அவரைத் தாவீதின் திறவுகோலாக அழைக்கிறது. அவர் திறந்தால் பூட்டுவாரில்லை என்னும் எசாயா 22ஆம் அதிகாரத்தின் கருத்து அது. அன்று மாலை குடும்பமாக வாசலில் நின்று ஒரு செபம் சொல்லி, காய்ந்த இலையை மாற்றுங்கள். 24ஆம் திகதி இரவு பூசைக்குப் புறப்படும் முன் வீட்டின் மூத்தவர் நட்சத்திரத்தை ஏற்றட்டும். அதுவரை இருண்டிருந்த கூட்டில் ஒளி வரும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மூன்று வாரமாக எரிந்து அலுத்த விளக்கு அந்த முகத்தைத் தராது.

யார் வந்து நிற்கிறார்?

பெத்லகேமில் சத்திரத்தில் இடமில்லை என்று லூக்கா எழுதினார். அந்தச் சத்திரத்து வாசலும் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். நம் வீடுகள் சிலவற்றில் கதவில் நல்வரவுத் தோரணம். படலையில் ‘நாய் கடிக்கும், கவனம்’ என்ற பலகை. இரண்டில் எதை நம்புவது என்று வருகிறவர் திகைக்கிறார்! நாயைக் குறை சொல்லவில்லை. கள்வர் பயம் உள்ள காலம். என்றாலும் நம் முன்னோர் படலைக்குக் கூரை போட்டார்கள். சங்கடப்படலை என்று அதற்குப் பெயர். வீட்டுக்காரரை அறியாத வழிப்போக்கனும் மழைக்கும் வெயிலுக்கும் அதன் கீழ் ஒதுங்கலாம். அதைவிடச் சிறந்த வாசற் சோடனையை நான் கண்டதில்லை.

1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அவ்வாண்டு நத்தாருக்கு அவர்களுட் பலருக்குச் சோடிக்க வாசலே இருக்கவில்லை. பாடசாலை மண்டபமும் கொட்டிலும் மரநிழலுமே வீடு. சிலருக்குக் கதவுகள் திறந்தன. அப்படித் திறந்த கதவுகளுட் பல சைவ வீட்டுக் கதவுகள் என்பதைக் கத்தோலிக்கராகிய நாம் மறக்கலாகாது. திரும்பி வந்தபோது, கதவும் நிலையும் இல்லாத வீடுகளே சிலருக்குக் காத்திருந்தன. 2025 கார்த்திகை இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது, அவ்வாண்டின் திருவருகைக் கால முதல் ஞாயிறு 30ஆம் திகதி வந்தது. எத்தனையோ குடும்பங்கள் அன்று வாசலிற் செய்தது ஒரே வேலை: வெள்ளம் கொண்டுவந்த சேற்றை வாரி வெளியே கொட்டியது.

இதை எழுதுவது உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க அன்று. உங்கள் ஒழுங்கையிலும் அவ்வாண்டு வாசல் சோடிக்காத வீடு ஒன்று இருக்கும். ஆண்டுத் திவசம் முடியாத வீடாக இருக்கலாம். அங்கே பலகாரத் தட்டோடு போகும்போது பட்டுச்சேலை வேண்டாம். சற்று உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, தாயும் தகப்பனும் மட்டும் தனித்திருக்கும் வீடாக இருக்கலாம். அவர்களுக்கு ஆசை இருக்கிறது. ஏணியில் ஏற முழங்கால் இல்லை. பங்கின் இளைஞர் மன்றத்தார் ஒரு பின்னேரம் ஒதுக்கினால் பத்து வீட்டுக்கு நட்சத்திரம் கட்டலாம்.

இளைஞர்களை அழைத்ததால் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். கரோல் குழு போகும்போது எந்தப் படலைகளைத் தாண்டிப் போகிறது? மெக்சிக்கோ நாட்டில் மார்கழி 16முதல் 24வரை ஒன்பது இரவுகள், மரியாளும் சூசையும் இடம் தேடிய நிகழ்ச்சியை மக்கள் வாசல் வாசலாக நடித்துப் பாடுகிறார்கள். வெளியே நிற்போர் இடம் கேட்டுப் பாட, உள்ளே இருப்போர் மறுத்துப் பாடி, கடைசியில் கதவைத் திறக்கிறார்கள். நம் கரோலில் கதவு உடனே திறந்துவிடுகிறது; தேநீரும் கேக்கும் வருகின்றன; உண்டியலில் காசு விழுகிறது. காசு விழாது என்று தெரிந்த குடிசைக்குப் போகாமல், நேரமாகிவிட்டது என்று திரும்பினால், சத்திரத்துக்காரனின் பாட்டையே நாமும் பாடுகிறோம். அக்குடிசைக்கு முதலிற் போங்கள். அங்கே தேநீர் தந்தால் குடிக்காமல் வராதீர்கள்.

2024 நத்தார் திருவிழிப்பன்று பாப்பரசர் பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்தின் புனித கதவைத் திறந்து யூபிலி ஆண்டைத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து, மார்கழி 26ஆம் திகதி, உரோமையின் ரெபிபியா சிறைச்சாலையிலும் ஒரு புனித கதவைத் திறந்தார். உலகத்தில் யாருமே சோடிக்க விரும்பாத வாசல் அது.

இனி, கழற்றும் நாளைப் பற்றி. திருமுழுக்கு விழா முடிந்ததும் தோரணத்தைக் கழற்றித் தென்னையடியிற் போடுங்கள். மாசிவரை காய்ந்து தொங்கவிடுவது சோம்பல். அதற்கு முன், மூவிராசாக்கள் திருநாளன்று செய்யும் ஒரு நல்ல வழக்கம் ஜேர்மனி, போலந்து முதலிய நாடுகளில் உண்டு. மந்திரித்த வெண்கட்டியால் கதவு நிலையின் மேல் ஆண்டின் முதலிரு எண்களையும், மூன்று அரசர்களின் பெயர்களின் முதலெழுத்துகளையும், கடைசி இரு எண்களையும், இடையிடையே சிலுவைக் குறியிட்டு எழுதுகிறார்கள். அதே மூன்று எழுத்துகளை, கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக என்னும் இலத்தீன் மன்றாட்டின் முதலெழுத்துகளாகவும் கொள்வார்கள். ஞானிகள் பாலனைக் கண்டது ஒரு வீட்டுக்குள் என்று மத்தேயு சொல்வதால், வாசல் நிலை இதற்குப் பொருத்தமான இடமே. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களுக்கு க, மெ, ப என்று தமிழிலேயே எழுதலாம். உங்கள் பங்குக் குருவிடம் வெண்கட்டியைக் கொடுத்து மந்திரித்துத் தரக் கேளுங்கள். எழுதும்போது வீட்டின் கடைசிப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து எழுத விடுங்கள். எட்டாத உயரம் என்றால் அப்பாவின் தோள் இருக்கிறது.